உடைந்த பலகை

அன்புள்ள கயலுக்கு,

'பேங்க்ரப்ட்னா பேங்க்கை மூடிட்டாங்களா?' என்று கேட்டாயே, நல்ல கேள்வி. கடனில் மூழ்கியது உங்கள் தெரு மளிகைக்காரர். நடுவில் பேங்க் எங்கிருந்து வந்தது?

இத்தாலியிலிருந்து. அந்தக் காலத்தில் அங்கே நாணயம் மாற்றித் தருகிறவர்கள் சந்தையில் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் காசைப் பரப்பி வைத்திருப்பார்கள். அந்தப் பலகைதான் 'பாங்கா'. ஜெர்மானிய மொழிகளிலிருந்து போன சொல். நீ வகுப்பில் உட்காரும் பெஞ்சும் அதே வேரில் முளைத்ததுதான். பேங்க்கும் பெஞ்சும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். 'ரோத்தா' என்றால் உடைந்தது. இரண்டும் ஒட்டி 'பாங்கரோத்தா'. ஆங்கிலத்துக்கு வந்தபோது வால் மட்டும் லத்தீன் சாயலில் 'ரப்ட்' ஆனது.

கடனைத் திருப்ப முடியாதவனின் பலகையை நிஜமாகவே உடைத்தார்கள் என்றொரு கதை உண்டு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கையில்லை. சொல்லைப் பார்த்துக் கதை கட்டுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. ஆனால் அவமானம் கட்டுக்கதையல்ல. பதுவா நகரின் பழைய நீதிமன்ற மாளிகையில் ஒரு கறுப்புக் கல் இன்றும் கிடக்கிறது. கடனாளி உள்ளாடையோடு அதன்மேல் மூன்று தடவை உட்கார்ந்து எழுந்து, 'என் சொத்தை விட்டுவிடுகிறேன்' என்று ஊரறியச் சொல்லவேண்டும். பிறகு ஊரைவிட்டே போய்விடவேண்டும். கொடுமைதான். ஆனால் 1231இல் இது ஒரு சலுகையாக வந்தது. அதற்கு முன் சிறை! அந்தச் சலுகைக்காக மன்றாடியவர் யார் தெரியுமா? நம் ஊர்க் கோயில்களில் செவ்வாய்க்கிழமை கூட்டம் கூடுகிறதே, அந்த அந்தோணியார்.

இத்தாலியச் சட்டத்தில் திவாலுக்கு இன்னொரு சொல்லும் இருந்தது: 'ஃபல்லிமெந்தோ'. அதன் லத்தீன் மூலத்துக்கு 'ஏமாற்றுதல்' என்ற பொருளும் உண்டு. யாரையும் ஏமாற்றாமல் நொடித்த வியாபாரியும் அந்தப் பெயரைச் சுமந்தான். 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அதை எடுத்துவிட்டு 'நீதிமன்றக் கலைப்பு' என்று வைத்தது. 'பாங்கரோத்தா' மட்டும் போகவில்லை. கணக்குப் புத்தகத்தை மறைப்பது, சரக்கை ஒளிப்பது போன்ற குற்றங்களுக்கு இன்றும் அதுதான் பெயர்.

மளிகைக்காரர் திவாலானதை உன் அப்பா 'மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டார்' என்பான். அதில் பலகையும் இல்லை, ஏமாற்றும் இல்லை, வெறும் காகிதம். ஆனாலும் சொல்லும்போது அவன் குரல் இறங்கும், கவனித்துப் பார்.

அன்புடன்,
பெரியப்பா