உதாரத்துவத்தின் அளவு எது?

வேதபகுதி: மாற்கு 12:41–44, 2 கொரிந்தியர் 8:1–15



பௌர்ணமி இரவுகளில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் நடந்து வருகிறவர்களுக்கு அன்னதானம் செய்கிறவர்கள் பலர் உண்டு. கொடுக்கும் குணம் நம்முடைய சபைகளுக்கு மட்டும் சொந்தமானதல்ல. இந்த மண்ணில் அது மிகவும் பழையது. அதைக் குறித்து முன்னோர் என்ன நினைத்தார்கள், நம்முடைய விசுவாசம் அதோடு எதைச் சேர்க்கிறது என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. செங்கத்து நன்னன்

திருவண்ணாமலைக்கு மேற்கே உள்ள செங்கம், சங்ககாலத்தில் செங்கண்மா எனப்பட்டது. அதை ஆண்ட நன்னன் என்னும் வள்ளலைப் பாடியதே பத்துப்பாட்டில் பத்தாவதான மலைபடுகடாம். பாடியவர் பெருங்கௌசிகனார். பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன், வறுமையோடு எதிரே வரும் வேறொரு கூத்தர் கூட்டத்துக்கு நன்னனிடம் போகும் வழியைச் சொல்வதாகப் பாட்டு அமைந்திருக்கிறது.

நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. அரசனுடைய பரிசுக்கு முன்பே வழியெல்லாம் விருந்து கிடைக்கிறது. மலைக்குடிகள் தினைச்சோறும் இறைச்சியும் தருகிறார்கள். ஆடுமாடு மேய்க்கிறவர்கள் பாலும் சோறும் தருகிறார்கள். வந்தவர்கள் தங்கள் சொந்த வீட்டுக்குள் போவதுபோலத் தயங்காமல் நுழையலாம். இவர்கள் அரசர்கள் அல்ல. உள்ளதைப் பகிர்ந்துகொண்ட எளியவர்கள். நன்னனின் கொடைக்குக் கைம்மாறாக அவனுக்குப் பாட்டும் புகழும் கிடைத்தன. வழியில் சோறு போட்டவர்களின் பெயர்களோ நமக்குத் தெரியாது.

திருவள்ளுவர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். இல்லாதவருக்குக் கொடுப்பதே ஈகை, மற்றதெல்லாம் திரும்ப வரும் என்று எதிர்பார்த்துக் கொடுப்பது என்பது ஈகை அதிகாரத்தின் முதற்குறளின் கருத்து.

2. கிரேக்க ஞானி சொன்னது

கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டாட்டில், உதாரத்துவத்தை ஊதாரித்தனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் நடுவே வைத்தார். தகுந்தவருக்கு, தகுந்த அளவில், தகுந்த வேளையில், மனமகிழ்ச்சியோடு கொடுக்கவேண்டும் என்றார். தொகையை மட்டும் பார்த்து ஒருவனை உதாரன் என்று சொல்லக்கூடாது என்றும் அவர் கற்பித்தார். குறைவாக உள்ளவன் குறைவாகக் கொடுத்தாலும், அவனே அதிக உதாரனாய் இருக்கக்கூடும்.

இது நமக்கு ஏழை விதவையின் இரண்டு காசுகளை நினைப்பூட்டுகிறது அல்லவா? ஆனால் "தகுந்தவர் யார்?" என்ற கேள்வியில் நம்முடைய ஆண்டவர் வேறு வழி காட்டுகிறார்.

3. ஆண்டவர் காட்டிய வழி

விருந்து செய்யும்போது பதிலுக்கு அழைக்கக்கூடியவர்களை அல்ல, ஏழைகளையும் ஊனரையும் சப்பாணிகளையும் குருடரையும் அழைக்கும்படி இயேசு சொன்னார் (லூக்கா 14:12–14). திருப்பிச் செய்ய முடியாமையே அவர்களுடைய தகுதி.

ஆதிசபை இதைச் செயலில் காட்டியது. கப்பத்தோக்கியாவின் செசரியாவில் 369-ஆம் ஆண்டளவில் கொடிய பஞ்சம் உண்டானது. அங்கே ஊழியம் செய்த பேசில், பணக்காரரைக் கண்டித்துப் பேசி, பட்டினி கிடந்தவர்களுக்கு உணவு கொடுத்தார். பின்பு ஊருக்கு வெளியே ஏழைகளுக்கும் வழிப்போக்கருக்கும் நோயாளிகளுக்கும் இல்லங்களைக் கட்டினார். எல்லாரும் ஒதுக்கிய தொழுநோயாளிகளும் அங்கே சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். கிறிஸ்தவ மருத்துவமனைகளின் வரலாற்றில் அது ஒரு முதன்மையான தொடக்கம்.

பவுல் அப்போஸ்தலரோ மக்கெதோனியா சபைகளை எடுத்துக்காட்டுகிறார். அவர்கள் கொடிய தரித்திரத்தில் இருந்தும், கொடுக்க இடம் தரும்படி தாங்களே வேண்டிக்கொண்டார்கள். ஒருவரை வருத்தி இன்னொருவரைச் சுகமாக வைப்பது நோக்கமல்ல, சமநிலையே நோக்கம் என்றும் பவுல் விளக்குகிறார். இன்று உங்கள் மிகுதி அவர்கள் குறைவை நிரப்பும். நாளை அவர்கள் மிகுதி உங்கள் குறைவை நிரப்பும். இங்கே வள்ளல் மேலேயும் இரவலன் கீழேயும் நிற்பதில்லை. இருவரும் ஒரே பந்தியில் இருக்கிறார்கள்.

4. நமக்குரிய பாடம்

ஏழை நோயாளியின் சிகிச்சைக்காகக் காணிக்கை கொடுக்கிறவர் அந்த நோயாளியின் முகத்தைப் பார்ப்பதில்லை. படுக்கையில் இருப்பவரும் கொடுத்தவரை அறியார். பாட்டும் இல்லை, பரிசும் இல்லை. "இவர் உதவிக்குத் தகுதியானவர்தானா?" என்று சோதிக்கவும் நமக்கு இடமில்லை. செங்கத்து வழியில் சோறு போட்ட அந்தப் பெயர் தெரியாத மக்களைப்போல, நாமும் கதவைத் திறந்து வைக்கிறோம். உதவி பெறுகிறவர் தலைகுனிந்து நுழையாமல், தன் வீட்டுக்குள் வருவதுபோல வரவேண்டும். அவருடைய மானத்தைக் காப்பதும் நம்முடைய காணிக்கையில் ஒரு பங்கு.

குடும்ப ஜெபவேளையில் சிந்திக்க:

அ. கொடுத்தபின் நம்மிடம் மீதியாய் இருப்பது எவ்வளவு? விதவையின் காசுகளை ஆண்டவர் அளந்த அளவுகோல் அதுதானே?

ஆ. திருப்பிச் செய்ய முடியாத ஒருவருக்கு நாம் கடைசியாகக் கொடுத்தது எப்போது?

இ. நாம் உதவிசெய்த ஒருவரிடம் நன்றியையோ புகழையோ எதிர்பார்த்து மனம் கசந்திருக்கிறோமா?

உற்சாகமாய்க் கொடுக்கிற இருதயத்தைக் கர்த்தர் நம் எல்லாருக்கும் அருளுவாராக. ஆமென்.