ரேகையில் எழுந்த யவன தேவர்கள்

உத்ஸவத்துக்கு எழுந்தருளும் ஸேவார்த்திகள் திருவுருவப் படமொன்றை வாங்கிச் செல்வது வழக்கம். முற்காலத்து அச்சுப்படங்கள் இருவர் கையால் உருவானவை. ஒருவர் காகிதத்தில் வரைவார். மற்றொருவர் அதைத் தகட்டில் செதுக்குவார். வரைந்தவரின் கருத்து செதுக்குபவர் கையில் சிதையாமல் இருப்பதெங்ஙனம்? யவன புராணச் சித்திரங்களில் இதற்குத் தக்கதோர் உதாரணம் உண்டு.

ஜான் ஃப்ளாக்ஸ்மன் (1755–1826) என்ற ஆங்கிலேயச் சிற்பி ரோமாபுரியில் வசித்தபோது, ஹேர் நெய்லர் என்னும் சீமாட்டி, ஹோமர் மஹாகவியின் இலியட், ஒடிஸி என்ற இதிஹாஸங்களுக்குச் சித்திரம் வரையுமாறு வேண்டினார். ஒன்றுக்கு ஊதியம் 15 ஷில்லிங். தொம்மாஸோ பிரோலி செப்புத் தகட்டில் செதுக்க, அவை 1793-இல் வெளிவந்தன.

ஃப்ளாக்ஸ்மன் முதலில் பென்சிலால் மெல்லிய கோடுகளிட்டு, அங்கங்களின் நிலையை மாற்றி மாற்றிப் பார்ப்பார். மனம் ஒப்பிய கோட்டின்மீதே பேனா மையால் வரைவார். நிழலும் வண்ணமும் இல்லை. பழைய யவனக் கலசங்களில் உள்ளதுபோல் வெளிக்கோடு மட்டுமே. ஜீயஸ் தேவனின் மைந்தன் ஸார்பீடன் போரில் மாண்டபின், நித்ரா தேவனும் மிருத்யு தேவனும் அவன் உடலைத் தாயகமான லிசியாவுக்கு ஏந்திச் செல்கின்றனர். அச்சித்திரத்தில் சோகம் முழுவதையும் அவ்வுடலின் தொய்வே சொல்லிவிடுகிறது. நிழலிட்டிருந்தால், அதன் அடர்த்தியைச் செதுக்குபவரே தம் மனம்போல் தீர்மானிக்க நேர்ந்திருக்கும். கோட்டில் அவ்விடர் குறைவு.

மற்றோர் இடரும் உண்டு. தகட்டில் உள்ளது அச்சில் இடவலம் மாறி விழும். ஆகவே சித்திரத்தைத் திருப்பியே தகட்டில் பெயர்க்க வேண்டும். தவறினால் வலக்கை வாள் இடக்கைக்குப் போய்விடும். திருவாழியும் திருச்சங்கும் இடம் மாறினால் என்னாகும் என்பதை அன்பர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை!

செதுக்குளி கோட்டைக் கூர்மையாக்கும். பென்சிலின் மென்மை அதில் நில்லாது. ஹெஸியாட் கவியின் நூல்களுக்கு ஃப்ளாக்ஸ்மன் வரைந்தவற்றை 1817-இல் வெளியிட்டபோது, தகட்டைச் செதுக்கியவர் கவிஞர் வில்லியம் பிளேக். அவர் கோட்டை நீளக் கீறாமல் நுண்புள்ளிகளின் வரிசையாக அமைத்தார். பென்சிலின் இளக்கத்துக்கு அதுவே அணுக்கமானது எனலாம். புகழ் என்னவோ பிரோலியின் தகடுகளுக்கே மிகுதி.

ஃப்ளாக்ஸ்மன் கைவண்ணத்தைக் காண யவன நாடு செல்ல வேண்டியதில்லை. ஸரபோஜி மன்னர் வேண்ட அவர் செய்தனுப்பிய பளிங்குச் சிற்பம் தஞ்சை ஸ்வார்ட்ஸ் தேவாலயத்தில் உள்ளது. மரணப் படுக்கையில் பாதிரியார் ஸ்வார்ட்ஸ், அருகே மன்னர். ஸம்ஸ்கிருதம் பயின்ற ஸர் வில்லியம் ஜோன்ஸுக்கு ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள நினைவுச் சிற்பமும் இவர் செய்ததே. அதில் ஜோன்ஸ் அமர்ந்து எழுத, பாரதப் பண்டிதர்கள் எதிரே தரையில் வீற்றிருக்கின்றனர்.