நாட்காட்டி அச்சிடுவோர்க்கும் நாள் கொள்வோர்க்கும்

பஞ்சாங்கம் பார்த்தல் சோதிடர் தொழில் என்று சித்தாந்த நூல் பயில்வோர் ஒதுக்கிவிடுதல் வழக்கமாயிற்று. ஆயின் நாயன்மார் குருபூசை, பிரதோடம், சிவராத்திரி முதலிய நைமித்திகங்கள் யாவும் நாளைப் பற்றியே நிற்பன. நித்தியத்தில் நேரும் குறைவை நிரப்புதற்கென்றே நைமித்திகம் விதிக்கப்பட்டது. அதுவே நாள் தவறுமாயின் அக்குறைவை நிரப்புவது யாது?

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்று. அரியலூரைச் சார்ந்த ஒரு சிவாலயத்தில், கணிப்பொறியிற் கட்டம் வரைந்து அச்சிட்ட மாத நாட்காட்டியைச் சுவரில் மாட்டியிருந்தனர். கட்டம் ஒன்றுக்கு நட்சத்திரம் ஒன்று. ஆனி மாதத்தில் மகம் என்று கண்ட நாளின் மாலையில் மாணிக்கவாசக சுவாமிகள் குருபூசைக்கு அடியார் கூடினர். யானும் சென்றிருந்தேன். திருவாசகம் ஓதி முடித்து வீடு திரும்பிய பின்னரே பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். மகம் அன்று காலை நாலு நாழிகைக்கே முடிந்துவிட்டது. நாங்கள் ஓதியது பூரத்தில். முதல்நாள் காலை இரண்டு நாழிகைக்குமேல் முழுவதும் மகமே நின்றிருக்கிறது. ஆயினும் அந்நாள் உதயத்தில் ஆயிலியம் இருந்தமையின் கட்டத்தில் ஆயிலியம் என்றே அச்சிட்டிருந்தனர். உதய நட்சத்திரத்தை எழுதியது பிழையன்று. அது முடியும் நாழிகையை எழுதாமையே பிழை. முன்னரே பஞ்சாங்கம் பாராதது என் பிழை.

கிழமை ஒன்றுதான் உதயத்திற் பிறந்து மறு உதயத்தில் முடிவது. திதியும் நட்சத்திரமும் உதயத்துக்குக் கட்டுப்படா. சந்திரன் வான்வட்டத்தை ஒருமுறை சுற்றுதற்கு 27 நாளும் ஏறத்தாழ 19 நாழிகையும் ஆகும். அவ்வட்டத்தை 27 கூறிட்ட ஒரு கூற்றைக் கடக்கும் காலமே ஒரு நட்சத்திரம். சந்திரன் விரைந்து செல்லுங்கால் அது 60 நாழிகைக்குக் குறையும். மெல்லச் செல்லுங்கால் மிகும். ஆகவே ஒரு நட்சத்திரம் இரண்டு உதயங்களைத் தொடுதலும் உண்டு. ஓர் உதயத்தையும் தொடாது நடுவே கழிதலும் உண்டு. பின்னது நேரும்போது கட்டத்துக்கு ஒரு பெயர் எழுதும் நாட்காட்டியில் அந்நட்சத்திரம் அம்மாதத்தில் இல்லாதது போலவே தோன்றும்.

இனி, எல்லா வழிபாடும் உதயத்தை நோக்குவன அல்ல. பிரதோடத்துக்குச் சூரியன் மறையும் பொழுதில் திரயோதசி வேண்டும். சிவராத்திரிக்கு நள்ளிரவிற் சதுர்த்தசி வேண்டும். கார்த்திகைத் தீபத்துக்கு மாலையிற் கிருத்திகை வேண்டும். உதயத்தில் நின்றதை மட்டும் காட்டும் தாளைக்கொண்டு இவற்றைத் துணிதல் எங்ஙனம்?

நம் முன்னோர் இதிற் கவனமாயிருந்தனர். சோழர் கல்வெட்டுக்களில் ஆட்சியாண்டோடு சூரியன் நின்ற இராசி, பக்கம், திதி, கிழமை, நட்சத்திரம் ஆகியவற்றைச் சேரக் கூறும் வழக்கம் உண்டு. அவற்றில் ‘நாள்’ என்னும் சொல்லே நட்சத்திரத்தைக் குறித்து வருதலை ஓர்க. ஓருறுப்பிற் பிழை நேரினும் மற்றவை காட்டிக்கொடுக்கும். இக்குறிப்புக்களைக் கணித்துக் காலங் கண்டவருள் எல். டி. சுவாமிக்கண்ணு பிள்ளையவர்கள் முதன்மையானவர். 1922-இல் வெளிவந்த அவர்தம் பெருங்கணிதத் தொகுதிகள் இன்றும் பயன்படுகின்றன.

மாதத்தின் எல்லையும் அறியவேண்டுவது. நம் நாட்டு மாதம் சூரியன் இராசி புகுவதைப் பற்றியது. மறைவதற்கு முன் புகுந்தால் அன்றே மாதப்பிறப்பு. மறைந்தபின் புகுந்தால் மறுநாள். சூரியன் மெல்லச் செல்லும் ஆனி 32 நாள் வரை நீளும். விரைந்து செல்லும் மார்கழி 29 நாளிலும் முடியும். எம்மாதமும் சந்திரன் சுற்றினும் நெடியதாகலின், மாதத்தின் முதல் மூன்று நாட்களில் வந்த நட்சத்திரம் அம்மாதக் கடைசியில் மீண்டும் வருதல் கூடும். இரண்டு வந்தாற் பிந்தியதைக் கொள்வது பெருவழக்கு. அமாவாசைக்கும் இவ்வையம் எழும். 2023-இல் ஜூலை 17 ஆகிய ஆடி முதல் நாளிலும், ஆகஸ்டு 16 ஆகிய ஆடி 31-ஆம் நாளிலும் அமாவாசை வந்து, எதனைக் கொள்வது என்று ஊர்தோறும் வினவியதை அன்பர்கள் மறந்திரார்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராசேந்திரர் பிறந்தநாள் ஆடித் திருவாதிரையில் அரசு விழாவாக நடைபெறுகிறது. 2025-இல் ஜூலை 23 முதல் 27 வரை நடந்தது. மார்கழித் திருவாதிரை என்று எழுதியோர் முன்பு பலர். திருவாரூர்க் கல்வெட்டு ஆடி என்று தெளிவித்தது. நட்சத்திரம் ஒன்றாயிருந்தும் மாதம் மாறியதால் ஓர் அரசர் பிறந்தநாள் ஐந்து திங்கள் விலகி நின்றது! (அவ்வூர்ச் சிவாலயத்தில் ஒரே கல்லில், தாமரை விரிந்த தேர் வடிவாய் அமைந்த நவக்கிரகத்தைக் காணாதார் ஒருமுறை சென்று காண்க.)

அடுத்தது வாக்கியமா, திருக்கணிதமா என்னும் வழக்கு. வாக்கியம் நாவில் நின்ற கணிதம். சந்திரன் உச்சந்தொட்டு உச்சத்துக்கு ஒன்பது முறை மீளும் 248 நாட்களுக்கு 248 வாக்கியங்களை எழுத்தெண்ணாக அமைத்துப் பாடம் பண்ணினர். 1825-இல் புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் ஏடு எழுத்தாணியின்றிச் சோழிகளைத் தரையிற் பரப்பியே சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்ததை வாரன் என்னும் ஐரோப்பியர் பதிவு செய்தார். கிரகணத்தின் தொடக்கம் 4 நிமிடமும், நடு 23 நிமிடமும், முடிவு 52 நிமிடமும் வேறுபட்டன. அந்நினைவாற்றலை வியவாதிருக்க இயலாது. 52 நிமிடத்தை மறைக்கவும் இயலாது. வாக்கியம் கொள்ளும் ஆண்டு 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை. இக்காலக் கணிதம் காண்பது அதனினும் ஏறத்தாழ 8 விநாழிகை குறைவு. மேகநாத சாகா தலைமையில் 1952-இல் அமைந்த குழு கண்கூடான கணிதத்தையே வற்புறுத்தியது. எனினும் தமிழ்நாட்டுத் திருக்கோயில்கள் பலவும் வாக்கியத்தையே பற்றி நிற்கின்றன. 2025 மார்ச்சு 29-இல் திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி நிகழ, திருநள்ளாறு வாக்கிய வழக்குப்படி அன்று விழாக் கொள்ளவில்லை. என் கருத்தில் திருக்கணிதமே உண்மைக்கு அணித்து. ஆயினும் ஒரு திருக்கோயில் தன் வழக்கை விட்டுத் தனித்து மாறுதல் தகாது. ஆதீனங்கள் கூடித் துணியவேண்டுவது இது.

காலங் கடந்த பெருமானுக்கு நாழிகைக் கணக்கு எதற்கென்று தம்பிரான் ஒருவர் என்னை வினவினார். காலம் வித்தியா தத்துவம் ஏழனுள் ஒன்று, அசுத்த மாயையிற் றோன்றிய சடம், இறைவனைத் தொடாது. ஆனால் கழிந்தது, நிகழ்வது, வருவது என ஆன்மாவின் வினைநுகர்ச்சியை வரையறுப்பது அதுவே. நாழிகை நமக்கே வேண்டும் என்றேன். அவர் சிரித்து, ‘அப்படியானால் நாட்காட்டியைத் திருத்தும்’ என்றார்.

ஆதலின் அச்சிடும் அன்பர்க்கு யாம் வேண்டுவது: கட்டத்தைச் சற்றுப் பெரிதாக்கித் திதியும் நட்சத்திரமும் முடியும் நேரத்தைக் குறிக்க. நாழிகை உதயத்திலிருந்து எண்ணப்படுவது. ஆகலின் மணியாக மாற்றுங்கால் அரியலூர், பெரம்பலூர் உதயத்தைக் கொள்க. சென்னை உதயத்தைப் பெயர்த்தெழுதுதல் கூடாது. எப்பஞ்சாங்கத்தினின்று எடுத்தது என்பதைத் தாளின் தலையிலேயே பொறிக்க. இருமுறை வரும் நட்சத்திரத்துக்குக் கொள்ளும் நாள் இது, தள்ளும் நாள் இது எனக் காட்டுக. திருமழபாடியில் நந்தியெம்பெருமான் திருமணம் பங்குனிப் புனர்பூசத்தில் நடப்பது. பங்குனி முதல் வாரத்திற் புனர்பூசம் கண்டவுடன் அச்சுக்கு விரையாது, மாதக் கடைசியையும் பார்த்துவிட்டுக் கோயிலாரைக் கேட்டெழுதுக.

மேற்சொன்ன சிவாலயத்தார் இவ்வாண்டுத் தாளை இம்முறையில் அச்சிட்டிருக்கின்றனர். எழுத்து மிகப் பொடிதென்று முதியோர் குறை கூறுகின்றனர், அதுவும் நியாயமே.