விற்கவும் கற்றுக்கொள்வோம்



இடம்பெயரும்போது வயலையும் கிணற்றையும் தூக்கிவர முடியாது. ஆனால் கைத்தொழில் கூடவே வரும். மிளகாய் இடிக்கவும், ஒடியல் காயவைக்கவும், பெட்டி இழைக்கவும் தெரிந்தவர்கள் நம்மிடையே பலர். செய்வதில் குறையில்லை, விற்பதில்தான் இடறுகிறோம். ஊரில் வியாபாரி படலையடிக்கு வந்து வாங்கிப் போனார். புதிய இடத்தில் நம்மை யாருக்கும் தெரியாது. அறிமுகத்தையும் நாமே தேட வேண்டியிருக்கிறது.

திருத்தூதர் பணிகள் 18ஆம் அதிகாரத்தில் அக்கிலா, பிரிஸ்கில்லா என்ற தம்பதியரைக் காண்கிறோம். கிளாவுதியு பேரரசரின் கட்டளையால் உரோமையை விட்டு வெளியேறிக் கொரிந்துக்கு வந்தவர்கள். கூடாரம் செய்வது அவர்கள் தொழில். அதே தொழில் தெரிந்த பவுலைத் தம் வீட்டில் சேர்த்து, ஒன்றாக வேலை செய்தார்கள். தொழிலும் உறவும் சேர்ந்தபோது அந்நிய ஊரிலும் காலூன்ற முடிந்தது.

1. அடக்கவிலையை அறிவோம்

ஓர் உதாரணக் கணக்கு. 5 கிலோ செத்தல் மிளகாய் 5,000 ரூபா. விறகு, அரைகூலி 600. பை, சுட்டுத்துண்டு 400. பஸ் செலவு 300. கைச்செலவு மொத்தம் 6,300 ரூபா. சேதாரம் போக 100 கிராம் பொதிகள் 47 கிடைக்கின்றன. பொதி 160 ரூபாவாக விற்றால் வரவு 7,520. மிச்சம் 1,220 ரூபா. இதை இலாபம் என்று மகிழ்கிறோம். ஆனால் அன்று கூலிக்குப் போயிருந்தால் 1,500 ரூபா கிடைத்திருக்கும் என்றால், உண்மையில் 280 ரூபா நட்டம். வீட்டுப் பெண்களின் உழைப்புக்கும் கூலி உண்டு. அதையும் சேர்த்தால் பொதியின் அடக்கவிலை 166 ரூபா. அதற்கு மேலேதான் இலாபம்.

2. நிறையும் தரமும்

முதற்பொதி எப்படியோ பத்தாம் பொதியும் அப்படியே இருக்க வேண்டும். பொருளின் பெயர், நிறை, செய்த திகதி, காலாவதித் திகதி, விலை, செய்தவர் பெயர், முகவரி ஆகியவற்றைச் சுட்டுத்துண்டில் தெளிவாக எழுதுங்கள். உணவுப் பொருளானால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே ஆலோசனை கேளுங்கள். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவது பற்றியும் விசாரியுங்கள்.

3. வாங்குவோரைத் தேடுவோம்

ஒரே கடைக்காரரை நம்பியிருந்தால் அவர் சொன்னதே விலை. குறைந்தது மூன்று இடங்களிலாவது விற்க முயலுங்கள்: சந்தி கடை, கூட்டுறவுச் சங்கம், பாடசாலைச் சிற்றுண்டிச்சாலை, வாரச் சந்தை, கோயில் திருவிழா. முதல் நாள் சிறு மாதிரிப் பொதி ஒன்றைக் கொடுத்து, ஒரு கிழமைக்குப் பின் போய், "எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். குறை சொன்னால் கோபிக்க வேண்டாம். அது காசில்லாமல் கிடைத்த பாடம். வருகிறேன் என்று சொன்ன நாளில் கட்டாயம் போங்கள். அந்நிய ஊரில் நமது வாக்குத்தான் நமது பிணை.

4. கொப்பியில் எழுதுவோம்

கடைக்குக் கொடுத்த பொதிகள், விற்றவை, திரும்பியவை, வரவேண்டிய பணம் ஆகியவற்றை அன்றன்றே எழுதி, கடைக்காரரின் கையொப்பம் வாங்குங்கள். பழைய கடன் தீரும்வரை அதே கடைக்குப் புதிய பொதி கொடுப்பதில்லை என்று முதலிலேயே பண்பாகச் சொல்லிவிடுங்கள். வியாபாரப் பணத்தை வீட்டுச் செலவோடு கலக்காதீர்கள்.

5. சேர்ந்து விற்போம்

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 1920களிலும் 1930களிலும் மீனவரும் விவசாயிகளும் வறுமையில் வாடினார்கள். ஜிம்மி தொம்கின்ஸ், மோசஸ் கோடி ஆகிய குருக்கள் அவர்களைச் சிறு படிப்பு வட்டங்களாகக் கூட்டினார்கள். அதிலிருந்து கடனுதவிச் சங்கங்களும், கூட்டுறவுக் கடைகளும், சிங்க இறாலைத் தாமே பதனிட்டு விற்கும் ஆலைகளும் எழுந்தன. நாமும் ஐந்து குடும்பங்களாகத் தொடங்கலாம். ஐவர் ஐந்து பஸ்ஸில் போவதற்குப் பதிலாக முறை வைத்து ஒருவர் போனால் நான்கு பேரின் பஸ் காசு மிஞ்சும். நான்கு பேரின் நாளும் மிஞ்சும். ஐவரும் ஒரே விலை சொன்னால், ஒருவரைக் காட்டி மற்றவரின் விலையைக் குறைக்க முடியாது.

குழுவாகச் சிந்திக்க

அ. நமது பொருளின் அடக்கவிலையில் நமது கூலி சேர்ந்திருக்கிறதா?
ஆ. இந்த ஊரில் நம்மை அறிமுகப்படுத்தக்கூடிய மூவர் யார்?
இ. அடுத்த சந்தைக்கு நமக்காக யார் போவது? கணக்கை யார் எழுதுவது?

மூன்றாம் கேள்விக்கு விடை காணாமல் கூட்டத்தை முடிக்க வேண்டாம்.