பழைய கம்ப்யூட்டர்: பாகத்தை மாற்றலாமா, புதிதே வாங்கலாமா?

● முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். ‘டிஸ்க்’ அடிக்கடி 100 சதவீதத்தில் நின்றால், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போடுங்கள். வேகம் நன்றாகவே கூடும்.

● ‘மெமரி’ எப்போதும் நிரம்பியே இருந்தால் ரேமைக் கூட்டுங்கள். டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 பொருந்தாது. பழையதைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோவது நல்லது.

● பிளக்கைப் பிடுங்கி மாட்டும்போதெல்லாம் தேதி, நேரம் மாறுகிறதா? மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரியை (பெரும்பாலும் சிஆர்2032) மாற்றிப் பாருங்கள். செலவு மிகக் குறைவு.

● விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை பிராசசராவது தேவை. அவை இல்லையா? இணையம், மெயில், கடிதம் டைப் செய்வதோடு சரி என்பவர்களுக்கு இலவச லினக்ஸ் மின்ட் போதும்.

● மதர்போர்டு, பிராசசர், ரேம் மூன்றையும் மாற்றும் நிலை வந்தால் புதிதே மேல். மானிட்டரும் கீபோர்டும் நன்றாக இருந்தால் சிபியு பெட்டியை மட்டும் வாங்குங்கள்.

● பழையதைக் கொடுக்கும் முன் ஃபைல்களை நகலெடுத்துவிட்டு, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.