செயற்கை நுண்ணறிவு: முதலாளிகளுக்கு முதற்பாடம்

சிங்கப்பூரில் சிறு, நடுத்தர நிறுவனங்கள் மின்னிலக்கமயமாவதற்கான திட்டம் 2017இல் தொடங்கியது. 2024இல் ஆக்கமுறைச் செயற்கை நுண்ணறிவைச் சோதித்துப் பார்க்கவும் அவற்றுக்கு வழி பிறந்தது. ஆனால் எதைச் சோதிப்பது? பயிற்சி தொடங்க வேண்டிய இடம் அதுவே.

தேக்காவில் மளிகைக்கடை நடத்தும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். தீபாவளிக்கு முன் முறுக்கு மாவு தீர்ந்துவிடுகிறது. பின்னர்ப் பலகாரங்கள் தேங்குகின்றன. விளம்பரம் எழுதித் தரும் மென்பொருள் இவருக்கு எதற்கு? விற்பனையை முன்கணிக்கும் மென்பொருளே தேவை. அதற்குப் பல ஆண்டுக் கணக்கு கணினியில் இருக்கவேண்டும். கணக்கு இன்னும் 555 புத்தகத்தில்தான் என்றால், முதற்பாடம் கணக்குப் பதிவுதான்!

தீபாவளி ஆண்டுக்கு ஒருமுறையே வருவதால், அன்றாடம் விற்கும் தோசை மாவில் மூன்று மாதம் முயலலாம். மீந்த மாவை நாள்தோறும் குறித்து வந்தால், சந்தா கட்டுவதா வேண்டாமா என்பதை மென்பொருள் விற்பவரல்லர், கடைக்காரரே முடிவு செய்வார்.