தெரிந்த சொல்லில் எச்சரிக்கை

தெரியாத ஆங்கிலச் சொல் நம்மைக் கெடுப்பதில்லை. நாலு பேரிடம் கேட்டுக்கொள்கிறோம். தெரிந்த சொல்தான் கெடுக்கிறது. நாம் பட்ட நஷ்டத்தையே சொல்லுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் கடைக் கட்டிடச் சொந்தக்காரரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதில் 'இன்டரஸ்ட்' என்ற சொல் கண்ணில் பட்டது. பாங்கித் தாள்களில் கண்டு பழகிய சொல்லாதலால் வட்டி என்றே கொண்டோம். 'நாம் வட்டி வாங்குவதுமில்லை, கொடுப்பதுமில்லை, நமக்கென்ன?' என்று மடித்து வைத்துவிட்டோம். வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க விருப்பம் உண்டா, 14 நாளில் பதில் தருக என்பதே கடிதத்தின் சாரம். தவணை கடந்தது. 11 ஆண்டு இருந்த கடை கைமாறிற்று. கூட்டு வியாபாரப் பத்திரத்திலோ அதே சொல்லுக்கு உரிமைப் பங்கு என்று பொருள்.

இத்தகைய சொற்கள் இன்னும் உள.

பில்: சரக்குக்கு நாம் எழுதிக் கொடுப்பது பில். பார்லிமெண்டில் வைக்கும் மசோதாவும் பில். 'பில் ஆஃப் லேடிங்' என்பதோ பணம் கேட்கும் சீட்டன்று. சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் கம்பெனி தரும் அத்தாட்சி. பெரும்பாலும் அதன் அசலைக் கொடுத்தே சரக்கை எடுக்க வேண்டும். கட்டிய பில்களோடு கம்பியில் குத்தி வைக்கலாகாது.

சார்ஜ்: கட்டணமும் சார்ஜ், கோர்ட்டில் குற்றச்சாட்டும் சார்ஜ். மலேசியாவின் 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தில், நிலத்தைக் கடனுக்கு ஈடு வைப்பதும் சார்ஜ். கட்டணந்தானே என்று கையெழுத்திட்டவர், கடன் தவறினால் நிலம் ஏலத்துக்குப் போவதைக் காண்பார்.

அவுட்ஸ்டாண்டிங்: பிள்ளையின் பள்ளி அறிக்கையில் இருந்தால் மிகச் சிறந்தவன் என்று மகிழலாம். மொத்த வியாபாரியின் கடிதத்தில் இருந்தால் கட்டாத பாக்கி!

'ஐன்' என்ற அரபுச் சொல்லுக்குக் கண் என்றும் நீரூற்று என்றும் பொருள் உண்டு. முன்பின் சொற்களைப் பார்த்தே தெளிய வேண்டும் என்று மதரஸாவில் உஸ்தாத் சொல்லித் தந்தார்கள். தமிழிலும் அரிசி அளப்பது படி, ஏறுவதும் படி, யாரும் குழம்புவதில்லை. ஆங்கிலத்துக்கும் இதுவே விதி.

ஆகவே கடிதம் வந்தால் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு முடிவு கட்ட வேண்டாம். வாக்கியம் முழுவதையும் படிக்க. தவணைத் தேதி உண்டா என்று பார்க்க. ஐயமிருந்தால் படிக்கும் பிள்ளையிடமேனும் கேட்க. பத்திரமானால் வக்கீலிடம் காட்டுக. கேட்பதில் வெட்கமில்லை. கேளாததால் நாம் இழந்தது ஒரு கடை.